அடி அறுத்த டிரம்

சிமெண்ட் தரை அசைந்து கொடுக்கவில்லை. கடப்பாரை துள்ளி எழுந்து, பிடித்திருந்த கையை முழங்கை வரை அதிரவைத்தது. மருமகள் அதைச் சுவரில் சாய்த்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். பின்வாசல் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமனார் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஸ்கூல் வேன் ஓட்டற கை இல்லையா. கடப்பாரைய ஸ்டியரிங் மாதிரி பிடிக்கற."

"அப்ப நீங்க வந்து உடைங்க மாமா."

"நான் பெயிண்டர்மா. பூசத்தான் தெரியும். உடைக்கறவனுக்கும் எனக்கும் ஜென்மப் பகை."

சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. வாங்கிய மூச்சையும் சிரிப்போடு சேர்த்தே விட்டார்.

போன வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இதயம் களைத்துவிட்டது, பிடித்ததைச் சாப்பிடட்டும், பிடித்த இடத்தில் இருக்கட்டும் என்று டாக்டர் வராந்தாவில் மகனிடம் சொன்னார். அப்பாவிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது வேனில் அவராகவே கேட்டார்: "என்னவாம், இதுக்கு மேல கோட்டிங் தாங்காதாமா?" வண்டியில் யாராலும் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. மகன் மட்டும் சிரித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இன்று காலை டீயைக் குடித்து முடித்ததும், அத்தி மரத்தைத் தரையில் நட வேண்டும் என்று அவர் அறிவித்தார்.

வீட்டில் யாரும் இதை எதிர்பார்க்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடுகளிலேயே குடியிருந்தவர் அவர். எலுமிச்சை, மாதுளை, கொய்யா எல்லாம் காலியான பெயிண்ட் வாளிகளில்தான் வளர்ந்தன. அத்திக்கு மட்டும் ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு நீல டிரம். மண் வீட்டுக்காரனுடையது, மரம் நம்முடையது என்பார். ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் லாரியில் முதலில் அத்தி ஏறும், அப்புறம்தான் கட்டில் ஏறும். அவர் மனைவி, மருமகளுக்கு அத்தை, தலையில் அடித்துக்கொள்வாள். "மரம்னா மண்ணுல நிக்கணும். டிரம்முல நிக்கறது விருந்தாளி" என்பது அவள் கட்சி.

மகன் சொந்தமாக வீடு கட்டிய பிறகும் அவர் இறங்கி வரவில்லை. "டிரம்முல வேர் முட்டுது பாரு, அதனாலதான் காய்க்குது. தரையில விட்டா இலையும் கிளையுமா ஊர் சுத்தப் போயிடும். நீ சுவர் மாதிரி குறுக்க நின்ன, நான் ஒழுங்கா வேலைக்குப் போனேன்ல, அது மாதிரி." இதற்குக் கோபப்படுவதா, பெருமைப்படுவதா என்று அத்தைக்கு இன்று வரை தெரியாது.

அப்படிப்பட்டவர் தரை என்றதும், அத்தை அடுப்படியிலிருந்து வந்து நின்றாள்.

"வேண்டாங்க. டிரம்முலயே இருக்கட்டும்."

"அடிப்பாவி. நாப்பது வருஷமா தரை தரைன்னு என் உயிர எடுத்தவ நீதான?"

"இப்ப டிரம்முங்கறேன். தரையில வெச்சுட்டா அப்புறம் தூக்கிட்டுப் போக முடியாது."

"எங்க போகப் போறோம், தூக்கிட்டு?"

அத்தை கழுவி வைத்திருந்த டம்ளரை எடுத்து மறுபடி கழுவப் போனாள். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

மகனுக்கு வேறு கவலை. அவன் வேலை குடிநீர் வாரியத்தில். "அப்பா, அத்தி வேர் சும்மா இருக்காது. குழாய்க்குள்ள இருந்து ஜடை ஜடையா நான் தினம் உருவிப் போடறேன். நம்ம குழாய் இந்தப் பக்கமாத்தான் போகுது. டிரம்முதான் பாதுகாப்பு."

"தாயும் பிள்ளையும் ஒரே கட்சி ஆயிட்டீங்க. மருமகளே, நீ எந்தப் பக்கம்?"

அவள் டிரம்மைச் சுற்றி வந்தாள். விரலால் தட்டிப் பார்த்தாள்.

"அடிய மட்டும் அறுத்துட்டா என்ன மாமா? டிரம்மோட குழியில இறக்கிடலாம். பக்கவாட்டுல சுவர் இருக்கும், குழாய் பக்கம் போகாது. கீழ திறந்திருக்கும். மரம் டிரம்முலயும் இருக்கும், தரையிலயும் இருக்கும்."

மாமனார் அவளையே பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார். "நீ படிச்சதெல்லாம் வீண்டா" என்றார்.

அப்படித்தான் கடப்பாரை அவள் கைக்கு வந்தது. இப்போது மகன் அதை வாங்கிக்கொண்டான். நாலைந்து குத்தில் தரை விரிசல் விட்டது. சத்தம் கேட்டு வந்த அத்தை வாசற்படியில் நின்று பார்த்தாள். குழி தோண்டுவதையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கி வந்து மண்வெட்டியைப் பிடுங்கினாள். "இது குழியா, சோத்துத் தட்டு மாதிரி ஆழமே இல்லாம இருக்கு. தள்ளுங்க."

மாமனார் நாற்காலியின் கையைத் தட்டி ரசித்தார்.

டிரம்மைச் சாய்த்துப் படுக்கவைத்து ரம்பத்தால் அடியை அறுத்தார்கள். வட்டமாக அது கழன்று விழுந்தபோது உள்ளே மண்ணே தெரியவில்லை. சுற்றிச் சுற்றி ஓடிய வேர், கயிற்றுக் கடையில் அடுக்கிய கட்டு போல இறுகிக் கிடந்தது. அவர் நாற்காலியோடு தன்னை அருகில் நகர்த்தச் சொன்னார். குனிந்து ஒரு வேரின் நுனியைத் தொட்டார். "அடேயப்பா. போறதுக்கு இடம் இல்லாம என்னமா நடந்திருக்கு இது" என்றார். நுனியை மெதுவாகப் பிரித்துக் கீழ்நோக்கி விட்டார்.

இறக்குவதுதான் பெரும்பாடு. மகன் ஒரு பக்கம், அத்தை மறுபக்கம், சாக்கைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார்கள். மருமகள் வண்டிக்குப் பின்னால் நிற்பதைப் போல நின்று கையை ஆட்டினாள். "வரட்டும், வரட்டும். லெஃப்ட் ஒடிங்க. அத்தை, நீங்க பிரேக்க விடுங்க. வரட்டும். நேர்."

"உன் வேன்ல வர்ற புள்ளைங்கதான் பாவம்" என்று அத்தை மூச்சு வாங்கச் சொன்னாள். மகனுக்குச் சிரிப்பு வந்து பிடி நழுவியது. டிரம் தொப்பென்று குழியில் உட்கார்ந்தது. நேராகவும் உட்கார்ந்தது. நால்வரும் சிரித்தார்கள். அவருடைய சிரிப்புதான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

அடுத்த சண்டை உடனே தொடங்கியது. கிளை அடர்ந்த பக்கம் அடுப்படி ஜன்னலைப் பார்க்க வேண்டும் என்றாள் அத்தை. காற்று பின்வாசல் பக்கமாகத்தான் வருகிறது, அங்கேதான் திருப்ப வேண்டும் என்றான் மகன். டிரம்மை இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம் திருகினார்கள். மருமகள் விளிம்பைச் சுற்றி மண் தள்ளி மிதித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களே சொல்லுங்க" என்று அத்தை நாற்காலிப் பக்கம் திரும்பினாள்.

அவர் சொல்லவில்லை. முகம் மரத்தின் பக்கமே இருந்தது. உதட்டில் சிரிப்பின் கடைசிக் கோடு கலையாமல் இருந்தது. விரல்நுனியில் ஈரமண்.

அத்தை அருகில் போனாள். தோளிலிருந்து சரிந்த துண்டை எடுத்துச் சரியாகப் போட்டாள். அவருடைய நெற்றியில் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திரும்பாமலே, எப்போதும் பேசும் குரலில் சொன்னாள்.

"தண்ணிய முழுசா ஊத்திட்டு வாங்க ரெண்டு பேரும். அவசரம் ஒண்ணும் இல்ல."

மருமகளுக்குப் புரிந்துவிட்டது. கணவனைப் பார்த்தாள். அவனும் புரிந்துகொண்டு, வாளியைப் பிடித்தபடி நின்றான். இருவருமாகச் சேர்ந்து வாளியைச் சாய்த்தார்கள். தண்ணீர் டிரம்முக்குள் தேங்கவில்லை. குமிழி விட்டபடி கீழே, கீழே போய்க்கொண்டே இருந்தது. இன்னொரு வாளி ஊற்றினார்கள். அதுவும் போனது.

மறுநாள் வீடு கொள்ளாத கூட்டம். கூட வேலை செய்த பெயிண்டர்கள் முதலில் அழுதார்கள், பிறகு கதை சொன்னார்கள். ஒரு முறை ஏணியை எடுத்துவிட்டுப் போன கூட்டாளியைப் பழிவாங்க, அவர் மாலை வரை மாடிச் சாரத்திலேயே நின்று, அந்தக் கூட்டாளி காசில் வாங்கிய பெயிண்டில் மூன்று கோட் அடித்தாராம். வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷமாம். "மூணா? என்கிட்ட அஞ்சுன்னாரு" என்றாள் அத்தை. கூடத்தில் எழுந்த சிரிப்பைக் கேட்டு, தெருவில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர்கள் வீடு மாறி வந்துவிட்டோமோ என்று தயங்கினார்கள். அவரைத் தூக்கியபோது மட்டும் அத்தை பேசவில்லை. கதவு நிலையில் இடிக்காமல் போகிறார்களா என்று கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு மருமகள் வீட்டைப் பெருக்கினாள். அத்தையைக் காணவில்லை. பின்வாசலுக்கு வந்தாள்.

அத்தை படியில் உட்கார்ந்திருந்தாள். நாளெல்லாம் வெயில் வாங்கிய சிமெண்ட் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. மரத்தைச் சுற்றி உடைத்த இடத்து மண்ணில் இரண்டு பாதங்களையும் கணுக்கால் வரை புதைத்து வைத்திருந்தாள்.

"கால் எரியுதா அத்தை?"

"எரிஞ்சது. இங்க ஜில்லுனு இருக்கு."

அத்தை கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். மருமகள் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள்.