மூன்றில் ஒரு பங்கு ரை

முதல் துளிக்கும் இரண்டாம் துளிக்கும் நடுவில் தைஸ்தோ முப்பத்தொன்று வரை எண்ணினான். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் நாற்பத்தாறு. நான்காவது வரவேயில்லை. நூற்றைம்பதைத் தாண்டியதும், எண்ணுவதால் அது வந்துவிடப் போவதில்லை என்று அவனுக்கே உறைத்து நிறுத்திக்கொண்டான்.

மணி இரண்டு. சவுனா என்கிற நீராவிக் குளியல் குடிலின் முன்னறையில், மரத்தைக் குடைந்து செய்த நீளத் தொட்டியின் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். தொட்டியின் அடியில் ஜூனிபர் கிளைகள், அதன்மேல் வைக்கோல், அதன்மேல் விடியற்காலை முதல் அவன் வெந்நீர் ஊற்றி ஊற்றிக் கிளறிய, பார்லியும் ரை தானியமும் கலந்த கூழ். தக்கையைப் பிடுங்கினால் இனிப்புச் சாறு பழுப்பு நூலாக இறங்க வேண்டும். அதில் ஈஸ்ட் கலந்து ஒரு வாரம் வைத்தால் சஹ்தி என்கிற வீட்டு பீர். தக்கையைப் பிடுங்கி இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. மூன்று துளி இறங்கியிருந்தது.

அடுத்த சனிக்கிழமை மகள் மாரித்துக்குக் கல்யாணம். எண்பது பேர் வருகிறார்கள். இந்தச் சூட்டில் கூழ் காலைக்குள் புளித்துவிடும். சாறு இன்றே இறங்கியாக வேண்டும். இல்லையென்றால் கல்யாணத்துக்குக் கடை பீர்தான். இந்தப் பக்கத்தில் அப்படி ஒரு கல்யாணம் நடந்தால், அந்தத் தம்பதிக்குப் பிறந்த பிள்ளையின் கல்யாணம் வரைக்கும் ஊர் அதைப் பேசும்.

எல்லாம் போன கிறிஸ்துமஸில் வாய் தவறியதால் வந்தது. அந்தக் குடும்பத்தில் நாற்பது வருஷமாக சஹ்தி காய்ச்சுகிறவர் தைஸ்தோவின் மனைவி இர்யாவின் அண்ணன் என்சியோ. மரக்கிண்ணம் கைமாறிக் கைமாறித் தைஸ்தோவிடம் வந்தது. அவன் ஒரு மிடறு குடித்தான். வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசுகிறவன், அந்த வருஷத்து நாலையும் அங்கே செலவழித்தான்.

"இதுல ரை கொஞ்சம் கம்மி."

மேசை அமைதியாகிவிட்டது. பின்லாந்தில் ஒரு மேசை அமைதியாவது பெரிய விஷயமில்லை. ஆனால் இது வேறு அமைதி என்று எல்லாருக்கும் தெரிந்தது. என்சியோ கிண்ணத்தை வாங்கி வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அப்போ மாரித் கல்யாணத்துக்கு நீயே காய்ச்சு மாப்ளே. நாங்களும் கத்துக்குறோம்."

தைஸ்தோ ஊர் நூலகத்தில் நூலகர். ஆறு மாதத்தில் பதினோரு புத்தகம் படித்தான். பார்லிக்கு உமி உண்டு, அதுதான் தொட்டியில் சல்லடையாக நிற்கும். கறுப்பு ரொட்டிக்கு அரைக்கிற ரைக்கு உமி கிடையாது, அளவு மீறினால் கூழ் பசையாகிவிடும் என்று ஒரு புத்தகத்தில் இருந்தது. அந்த வரியைப் பென்சிலால் அடிக்கோடு கூடப் போட்டான். அது நூலகத்துப் புத்தகம். அப்படிச் செய்கிற பிள்ளைகளை அவன் வெறும் பார்வையாலேயே அழவைத்தவன்.

அடிக்கோடு போட்டுவிட்டு யோசித்தான். கெட்டது அங்கேதான். ரைதான் நிறம் தருகிறது, ரொட்டியின் கருகல் வாசனை தருகிறது, நாக்கில் ஒரு கனத்தைத் தருகிறது. என்சியோ பத்துக்கு ஒன்று போடுகிறார். எதனால்? பழக்கத்தினால். ஒரு மனிதன் நாற்பது வருஷம் யோசிக்காமல் இருக்க முடியும் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்தபடி இப்படி ஒரு மாதம் யோசித்து, மூன்றில் ஒரு பங்கு என்று முடிவுக்கு வந்தான். புத்தகத்தின் எச்சரிக்கை ஆழமாகச் சிந்திக்காதவர்களுக்கு எழுதப்பட்டது என்று அவனுக்குத் தோன்றியிருந்தது.

இப்போது அந்த ஆழமான சிந்தனை தொட்டி நிறையக் கிடந்தது. விரலை விட்டுப் பார்த்தான். சுவரொட்டி ஒட்டலாம்.

மூன்று மணிக்கு இர்யா காபி கொண்டுவந்தாள்.

"எப்படிப் போகுது?"

"போகுது."

அவள் தொட்டியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், போய்விட்டாள். தைஸ்தோவுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இருபத்தேழு வருஷமாக வாய்மூடி வாழ்ந்ததற்கு இன்றைக்குப் பலன் கிடைத்திருக்கிறது. சந்தோஷத்திலும் இதே முகம், சாவு வீட்டிலும் இதே முகம். வீடு பற்றி எரிந்தாலும் இந்த முகத்தை வைத்து ஒருத்தரும் கண்டுபிடிக்க முடியாது.

நாலரைக்கு மறுபடியும் காபி.

"ஏதாவது வேணுமா?"

இப்போது சொல்லியிருக்கலாம். 'அடைத்துக்கொண்டது' என்று ஒரே ஒரு சொல். அது தொண்டை வரை வந்தது, அங்கே கூழைப் போலவே நின்றுவிட்டது.

"வேண்டாம்."

"அண்ணன் ஆறு மணிக்கு வர்றார். முதல் சாறைக் குடிச்சுப் பார்க்கணுமாம்."

முதல் சாறு இதுவரை அரை முட்டை ஓட்டளவு சேர்ந்திருந்தது. தைஸ்தோ தலையாட்டினான்.

என்சியோ ஆறு அடிக்கும்போது உள்ளே வந்தார். தொட்டிக்கடியில் இருந்த வாளிக்குள் எட்டிப் பார்த்தார். விறகுக்கட்டை ஒன்றை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு துளி விழுந்தது. இருவரும் அது விழுவதைப் பார்த்தார்கள். அரை மணி நேரம் போயிற்று. மௌனத்தில் தன்னை யாராலும் ஜெயிக்க முடியாது என்று தைஸ்தோ இதுவரை நம்பியிருந்தான். இந்த ஆள் புத்தகமே படிக்காமல் எங்கிருந்து இதைக் கற்றார் என்று எரிச்சல் வந்தது. பிறகு மாரித்தின் முகம் நினைவுக்கு வந்தது. 'அப்பா காய்ச்சுறாரு' என்று அவள் மாப்பிள்ளை வீட்டில் சொல்லி வைத்திருந்தாள்.

"மச்சான்."

"ம்."

"அடைச்சுக்கிச்சு."

"எவ்வளவு போட்டே?"

"மூணுல ஒண்ணு."

என்சியோ கூழில் விரலை விட்டு எடுத்துப் பார்த்தார். "இதுல செருப்பு ஒட்டலாம்டா," என்றார், ஏறக்குறைய மரியாதையோடு. பிறகு வாசல் பக்கம் திரும்பிக் கத்தினார். "இர்யா! சொல்லிட்டான்!"

இர்யா உள்ளே வந்தாள். கை நிறையப் புதிதாக வெட்டிய ஜூனிபர் கிளைகள். அவளுக்குப் பின்னால், வாசலில் நின்ற தள்ளுவண்டியில் ஒரு மூட்டை ஓட்ஸ் உமி.

தைஸ்தோ மூட்டையைப் பார்த்தான். "இது எப்போ வந்துச்சு?"

"மூணு மணிக்கே அண்ணனுக்கு போன் பண்ணிட்டேன். துணி காயப்போட்டிருக்கே, அதுக்குப் பின்னாடிதான் நாலு மணியிலேர்ந்து இருக்கு."

"உனக்கு எப்படித் தெரியும்? நான் எப்பவும் போலத்தானே உட்கார்ந்திருந்தேன்?"

"எப்பவும் கையில புத்தகம் இருக்கும்," என்றாள் இர்யா. "வெறுங்கையோட நீ அஞ்சு நிமிஷம் உட்கார்ந்து நான் பார்த்ததில்ல. கல்யாணத்தன்னிக்குக் கூட பாக்கெட்டுல ஒண்ணு வெச்சிருந்தே."

"அப்போ ஏன் சொல்லல?"

"நீயா வாயைத் திறக்குறியான்னு பார்த்தேன். ஏழு மணிக்குள்ள திறந்துடுவேன்னு அண்ணன்கிட்ட சொன்னேன்."

"நான் எட்டுன்னு சொன்னேன்," என்றார் என்சியோ. "தங்கச்சிக்குப் புருஷன் மேல எவ்வளவு நம்பிக்கை பாரு."

கூழை வாளி வாளியாக அண்டாவுக்குத் திருப்பினார்கள். வெந்நீர் ஊற்றி, உமியைக் கொட்டி, துடுப்பால் கிளறினார்கள். தைஸ்தோவின் கண்ணாடியில் கூழ் தெறித்து ஒட்டிக்கொண்டது, அதற்கப்புறம் ஒரு கண்ணால்தான் வேலை. தொட்டியில் புதுக் கிளைகளையும் வைக்கோலையும் இர்யா பரப்பினாள். திரும்ப ஊற்றித் தக்கையைப் பிடுங்கினபோது முதலில் கலங்கலாக வந்தது, பிறகு தெளிந்து, விரல் பருமனில், காபி நிறத்தில் நிற்காமல் இறங்கியது. சூரியன் இன்னும் ஏரிக்கு மேலேதான் இருந்தது. மூவரும் நின்று அதைப் பார்த்தார்கள். தைஸ்தோவுக்கு நன்றி என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. அந்தச் சாயங்காலம் அவன் ஏற்கெனவே நிறையப் பேசிவிட்டான். கிண்ணத்தில் முதல் சாறைப் பிடித்து என்சியோவிடம் நீட்டினான்.

கல்யாணத்தில் சஹ்தி வழக்கத்தைவிடக் கறுப்பாக, கிண்ணத்தின் ஓரத்தில் ஒட்டுகிற அளவுக்குக் கனமாக இருந்தது. மாப்பிள்ளையின் மாமா ஒருவர் கரண்டி கேட்டார். ஆனால் சாயங்காலத்துக்குள் பீப்பாய் காலி. மாரித் வந்து அப்பாவின் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். அதுவும் கொஞ்சம் ஒட்டியது.

கிண்ணம் என்சியோவிடம் வந்தது. மேசை முழுவதும் அவரையே பார்த்தது. நிதானமாகக் குடித்தார், மீசையை நக்கினார்.

"ரை கொஞ்சம் ஜாஸ்தி," என்றார். பிறகு இன்னொரு மிடறு குடித்தார்.

எல்லாரும் சிரித்தார்கள். தைஸ்தோவும் சிரித்தான். இதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டும், சின்னதாக, கூர்மையாக, அதே சமயம் அன்பாக, என்று யோசிக்கத் தொடங்கினான். அருமையான பதில் ஒன்று கிடைக்கவும் செய்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம், நூலகத்தில், அந்தப் புத்தகத்தின் பென்சில் அடிக்கோட்டை ரப்பரால் அழித்துக்கொண்டிருந்தபோது.