பிளானில் பூசிய மஞ்சள்

பயப்படுவதில் எனக்கு ஈடு இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் யாரும் கிடையாது. குமுளி மலைப்பாதையில் யானைச் சாணத்தைப் பார்த்துவிட்டு வண்டிக்கு அடியில் புகுந்தவன் நான். சாணம் காய்ந்து போனது என்று பின்னால் வந்த வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். சாணம் காய்ந்தால் யானையுமா காய்ந்துவிடும் என்று கேட்டேன். மொக்கைச்சாமி கேட்டதில் நியாயம் இருக்கிறது என்று இன்றுவரை ஒருவர் வாயிலும் வரவில்லை.

மலைமேல் பெரியாற்றில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அங்கே இருக்கிற ஆட்களுக்கு அரிசியும் பருப்பும் ஏற்றிப்போவது என் பிழைப்பு. யானை, காய்ச்சல், பாதை சரிவது என்று மலையில் பயத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்த வருஷம் நான் பயந்ததெல்லாம் வீட்டைப் பற்றித்தான். என் பெண்சாதி பவுனு பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாள்.

அதற்கு முன்னால் இரண்டு தங்கவில்லை. இரண்டாவது ஆறாம் மாசத்தில் போனது. அந்த வாரம் பக்கத்து வீட்டில் சுவர் இடித்தார்கள். இடித்தவர்களைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. ஒட்டிய வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருப்பது வெளியூர்க் கொத்தனுக்கு எப்படித் தெரியும்? வயிற்றில் பிள்ளை இருக்கிற வீட்டில் மண் வெட்டக்கூடாது, சுவரில் ஆணி அடிக்கக்கூடாது, கடப்பாரை படவே கூடாது, பட்டால் அந்த அடி உள்ளே இருக்கிறதன் மேல் விழும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பவுனு அதை உயிராக நம்பினாள். நான் நம்பினேனா என்று கேட்டால், வண்டிக் கடையாணி கழன்றபோது அதை வாசலில் வைத்து அடிக்காமல் வண்டியைத் தெருக்கோடி வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் அடித்தேன், அவ்வளவுதான்.

எங்கள் வீடு முன்னால் ஒரு கூடம், பின்னால் சந்துப் பக்கமாக ஒரு அறை. அந்த அறையில் பவுனு, மிளகாய் மூட்டைகள், மாட்டுக்குப் பருத்திக்கொட்டை, மிச்ச இடத்தில் நான். பிள்ளை பிறந்ததும் பக்கத்துக் காலி இடத்தில் இன்னொரு அறை கட்டி மூட்டைகளை அங்கே தள்ளிவிடலாம் என்று யோசனை. காலரா வந்து போன பிறகு ஊருக்கு யூனியன் கச்சேரி என்று, சேர்மனோடு ஒரு ஆபீஸ் வந்திருந்தது. சந்துப் பக்கம் யார் வீட்டை நீட்டினாலும் பிளான் வரைந்து கொடுத்து உத்தரவு வாங்கவேண்டும் என்று அவர்கள் தண்டோராப் போட்டிருந்தார்கள். உத்தரவு கைக்கு வருவதற்குள் பிள்ளை தவழ ஆரம்பித்துவிடும் என்று ஊரில் பேச்சு. அதனால் முந்திக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் முந்திக்கொண்ட காரியம் அது ஒன்றுதான்.

பிளான் வரைய பங்கிராஸைக் கூட்டி வந்தேன். பக்கத்து வேதக்கார ஊர்க்காரன். அணையில் சங்கிலி பிடித்து அளக்கிற வேலையில் சேர்ந்து, படம் போடுகிற துரைமாரிடம் கோடு இழுக்கப் பழகி, மலைக்காய்ச்சலோடு இறங்கி வந்தவன். உடம்பு நடுங்கும். நடுக்கம் நிற்கிற நேரம் பார்த்துக் கோட்டை இழுப்பான். இருக்கிற வீட்டுக்குக் கறுப்பு மை, கட்டப்போகிற அறைக்குச் சிவப்பு. அது கச்சேரி வழக்கம் என்றான்.

பவுனு கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கோடு போடுவது மண் வெட்டுவதில் சேராதே என்று முதலிலேயே கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்டாள். படம் முடிந்ததும் அவள் முகம் சுருங்கிவிட்டது. கூரை இல்லாமல் நாலு சுவர் மட்டும் தெரிகிற வீடு.

"தீப்பிடிச்ச வீடு மாதிரி இருக்கேய்யா. மேல இருந்து இப்படி யாரு பாப்பாக?"

"சேர்மன் பாப்பாக" என்றான் பங்கிராஸ்.

அவளுக்கு அந்தப் பதில் போதவில்லை. அன்று சாயங்காலம், வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த மஞ்சளைக் குழைத்து, படத்தில் தான் படுக்கிற அறையின் மேல் நன்றாகப் பூசிவிட்டாள். பிள்ளை பிறக்கப்போகிற இடம், கூரையில்லாமல் வெறிச்சென்று கிடக்கக்கூடாது என்றாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். படம் களைகட்டி விட்டது என்று எனக்குத் தோன்றியது. காயவைத்து, சுருட்டி, கச்சேரியில் கொடுத்துவிட்டு வந்தேன்.

அவளுக்கு ஒன்பதாம் மாசம் தொடங்கியதும், தலையாரி ஒச்சாண்டி வண்டிப் பேட்டையில் என்னைப் பிடித்தான். பிளான் பாஸாகிவிட்டது என்றான். துள்ளாத குறை எனக்கு. வெற்றிலை வாங்கிக் கொடுக்கலாமென்று மடியை அவிழ்த்தேன்.

"வெள்ளிக்கிழமை ஓவர்சியர் வாராக. அந்த மஞ்சப் போட்ட ரூமை இடிக்கணுமாம். ரெண்டு ஆளுக்கு என்னையச் சொல்லி வைக்கச் சொன்னாக."

மடியை மறுபடி கட்டினேனா இல்லையா என்று நினைவில்லை. பங்கிராஸ் வீட்டுக்கு ஓடினேன். காய்ச்சல் நாள். கம்பளிக்குள் கிடந்தான். மஞ்சள் என்றதும் எழுந்து உட்கார்ந்தான்.

"நான் மஞ்சளே போடலையேண்ணே. எங்கிட்ட அந்த மை கிடையாது."

பவுனு பூசியதைச் சொன்னேன். அவன் கம்பளியை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டான். உள்ளே இருந்து குரல் வந்தது. பிளானில் கறுப்பு என்றால் இருப்பது, சிவப்பு என்றால் கட்டப்போவது, மஞ்சள் என்றால் இடிக்கப்போவது. எங்கள் வீட்டில் இடிக்க எதுவும் இல்லாததால் அதைச் சொல்லவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

கச்சேரியில் நடந்ததைப் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். எங்கள் பின்னறை சந்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று கச்சேரியில் ஏற்கெனவே முணுமுணுப்பு உண்டாம். வீட்டுக்காரனே இடித்துக்கொடுக்கிறேன் என்று வரைந்து தந்ததும் அவர்களுக்குப் பரம திருப்தி. பழையதை இடித்த பிறகுதான் புதியதைத் தொடலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். இப்படி ஒரு நல்ல குடியானவனா என்று சேர்மன் என்னை மெச்சினாராம். வாழ்க்கையில் ஒரு பெரிய மனிதர் என்னை மெச்சியது அந்த ஒரு தடவைதான்.

கச்சேரிக்குப் போனேன். சேர்மன் மதுரைக்குப் போயிருந்தார். அங்கே இருந்த குமாஸ்தா, ஆட்சேபம் இருந்தால் எழுதிக் கொடு, அடுத்த கூட்டத்தில் வைக்கிறோம் என்றார். அடுத்த கூட்டம் அடுத்த மாசம். வெள்ளிக்கிழமை நாளைக்கு. மஞ்சள் என்றால் எங்கள் வீட்டில் மங்கலம் என்று சொல்லிப் பார்த்தேன். இங்கே இடிப்பு என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி எழுத ஆரம்பித்தார்.

பவுனுவைக் கோம்பையில் அவள் தாய் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடலாமா என்று மருத்துவச்சி மாயக்காளிடம் கேட்டேன். பிள்ளை இறங்கிவிட்டது, வண்டியில் ஏற்றினால் வழியிலேயே கையில் ஏந்தவேண்டியதுதான் என்றாள். ஏன் கேட்கிறாய் என்றாள். சும்மா என்றேன். என் 'சும்மா'வை நம்புகிற ஆள் அவள் இல்லை.

பவுனுவிடம் மட்டும் சொல்லவில்லை. சோறு வைத்தபோது நான் பிசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள்.

"மலையில எதுனா பாத்தியாய்யா?"

"யானை" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். அன்றைக்கு மலைக்கே நான் போகவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அப்படியும் மேலே கேட்கவில்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

மறுநாள் வெயில் ஏறும்போது ஓவர்சியர் ஏசுதாசன் குதிரையில் வந்தார். தலைப்பாகை, கறுப்புக் கோட்டு, வாய் நிறைய வெற்றிலை. பின்னால் ஒச்சாண்டியும் கடப்பாரையோடு இரண்டு ஆட்களும். கம்பளியைப் போர்த்திக்கொண்டு பங்கிராஸும் வந்து சேர்ந்தான். என்னைவிட அவன் அதிகமாக நடுங்கினான். அவனுக்கு வைத்தியர் சாட்சி உண்டு, எனக்கு இல்லை.

சொல்லவேண்டியதையெல்லாம் வரிசையாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். 'எசமான்' என்பது வரைக்கும் வந்தது. மிச்சம் வரவில்லை. அதற்குள் ஆட்களில் ஒருவன் சந்துப் பக்கம் சுற்றிப்போய்விட்டான். போன கையோடு ஒரு போடு போட்டான்.

மண்கட்டி விழுந்து உடைகிற சத்தம். உள்ளே இருந்து பவுனுவின் குரல். கத்தவில்லை. ரொம்ப மெதுவாகத்தான் கேட்டாள்.

"யாரு அது? என்ன பண்றீக?"

நான் ஓடிப்போய்ச் சுவரில் முதுகைக் கொடுத்து நின்றேன். தைரியம் என்று நினைத்துவிட வேண்டாம். கால் இரண்டும் துவண்டு சாய இடம் தேடின. சுவர்தான் கிடைத்தது. ஓங்கிய கடப்பாரை என் தலைக்கு மேலே நின்றது. தள்ளு என்றான் அவன். எனக்கு நகரத் தெரியவில்லை.

ஓவர்சியர் சந்துக்குள் வந்தார். நான் வாயைத் திறந்து, அது மஞ்சள், என் பெண்சாதி பூசியது, அவள் உள்ளே நிறைமாசமாக இருக்கிறாள் என்று எப்படியோ துண்டு துண்டாகச் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. கடப்பாரை வந்த பிறகு ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு கதை வருகிறது, போன வாரம் ஒருத்தன் சுவருக்குள் சாமி இருக்கிறது என்றான் என்றார். கையெழுத்து விழுந்த பிளானில் நிறம் என்ன சொல்கிறதோ அதுதான் என்று பிளானை விரித்து என் நெஞ்சோடு வைத்துப் பிடித்தார். மஞ்சளின் நடுவே விரலை அழுத்தினார். கொஞ்சம் முன்னால்தான் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிய விரல் அது.

"இது என்னலே? மஞ்சளா இல்லையா?"

விரலை எடுத்தார். எடுத்த இடம் சிவந்திருந்தது.

எல்லோரும் பார்த்தோம். அந்தச் சிவப்பு நாங்கள் பார்க்கப் பார்க்கக் கருஞ்சிவப்பாகக் கசிந்து பரவியது. பவுனு படுக்கிற அறையின் நட்டநடுவில். எனக்கு அது இரத்தமாகத்தான் தெரிந்தது. போச்சு, மூன்றாவதும் போச்சு, அம்மன் காட்டிவிட்டாள் என்று நினைத்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"பவுனு" என்று கூப்பிட்டேன்.

"இங்கனதான் இருக்கேன்" என்றாள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

ஓவர்சியர் விரலை மோந்து பார்த்தார். மையில் அரைத்த மஞ்சள் வாசனை வராது. பங்கிராஸின் பக்கம் திரும்பினார். தன்னிடம் மஞ்சள் மையே இல்லை என்று அவன் கம்பளிக்குள்ளிருந்து மறுபடி சொன்னான். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். எத்தனையாவது பிள்ளை என்று கேட்டார். நான் விரலை மடக்கினேன், நீட்டினேன். தங்கினால் முதலாவது என்றேன்.

 அவர் சுண்ணாம்பு டப்பியைத் திறந்து, விரலில் நன்றாக எடுத்து, மஞ்சள் பட்ட இடமெல்லாம் மூலை விடாமல் தேய்த்தார். சின்னப் பிள்ளை கோலத்துக்குக் காவி கொடுப்பது மாதிரி நிதானமாகத் தேய்த்தார். அறை முழுக்கச் சிவந்தது.

"பிளான்ல இருக்கிற நிறத்தைப் பாத்தா, இந்த அறையை இனிமேத்தான் கட்டணும்" என்றார். "கட்டாத அறையை எப்படிடா இடிக்கிறது?"

கடப்பாரைக்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கூலி உண்டு என்றதும் புரிந்துவிட்டது. ஓவர்சியர் பிளானைச் சுருட்டிக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு குதிரையில் ஏறினார். கச்சேரியில் என்ன சொன்னாரோ தெரியாது, பிறகு யாரும் வரவில்லை.

என் பயம் அதோடு போயிருந்தால் நான் மொக்கைச்சாமி இல்லை. ஒரு போடு விழுந்துவிட்டதே. சுவரில் தேங்காய் அளவுக்கு ஒரு ஓட்டை. அதன் வழியாக மிளகாய் மூட்டை தெரிந்தது. அடைக்கலாம் என்றால், அடைப்பதும் மண் வேலைதானே? மண் குழைக்கலாமா, கூடாதா என்று மாயக்காளைக் கேட்டேன். இத்தனை வயசுக்கு இந்தக் கேள்வியை யாரும் தன்னிடம் கேட்டதில்லை என்றாள். ஓட்டையை அப்படியே விட்டுவிட்டேன். மலைக்குப் போகவில்லை. மாடுகள் தின்று கொழுத்தன. பவுனு திரும்பிப் படுத்தாலும் நான் எழுந்து உட்கார்ந்தேன். அடி விழுந்த பக்கம் வயிற்றில் அசைகிறதா என்று தினமும் கேட்டேன். அசைகிறது என்று தினமும் சொன்னாள். கடைசியில், நீயே கேட்டுக்கொள் என்று என் தலையைப் பிடித்து வயிற்றில் வைத்து அழுத்திவிட்டாள்.

வலி கண்டது ஒரு பகல் பொழுதில். மாயக்காள் என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். நான் சந்துக்கு ஓடி ஓட்டையில் காதை வைத்தேன். பவுனு முனகுவது கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை. தெருவில் போன ஒச்சாண்டி என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிப் போனான். அவ்வளவு நேரம் ஒரு வீடு சத்தமில்லாமல் இருந்து நான் கேட்டதில்லை.

உள்ளே இருந்து மாயக்காள் சொன்னாள்.

"ஏலே மொக்கை, காதை எடு. அவளுக்குக் காத்து வரட்டும்."

காதை எடுத்தேன். வாயை வைத்து, எனக்கே கேட்காத குரலில், வந்துவிட்டதா என்று கேட்டேன்.  மாயக்காள் வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒரு புதுத் தொண்டை, என் மூஞ்சிக்கு நேராக, வீறிட்டுப் பதில் சொன்னது.