பதினாறு டெராபைட்

வீட்டு ஹோலில் ரீவிக்குக் கீழே இருந்த கொம்பியூட்டர் நிறைந்துவிட்டதை முதலில் கண்டுபிடித்தவன் சுதாகரன்தான். அவன் பருத்தித்துறையில் கடலுக்குப் போகிறவன். விடியக் கரைக்கு வந்து மீனை ஏலத்துக்குக் கொடுத்துவிட்டு, குளித்துச் சாப்பிட்டு, மத்தியானம் படம் ஒன்றைப் போட்டு அதைப் பார்த்தபடியே கண்ணயர்வான். அன்று கைபேசியில் கிடந்த படகோட்டப் போட்டி வீடியோ ஒன்றை கொம்பியூட்டரில் ஏற்றப் பார்த்தான். இடமில்லை என்று ரீவியில் எழுத்து வந்தது.

அந்தச் சின்னப் பெட்டிக்குள் இருந்தது இரண்டு டெராபைட் டிஸ்க். அதற்குள் நானூறுக்கு மேற்பட்ட படங்கள், பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டிகள், எல்லாவற்றுக்கும் மேலாகப் பன்னிரண்டு வருடப் படகோட்டப் போட்டிகள். அவற்றை எடுத்த கைபேசிகள் எப்போதோ பழுதாகிவிட்டன. வேறு யாரிடமும் அந்த வீடியோக்கள் இல்லை.

பார்த்த படங்களில் பாதியை அழிக்கலாமே என்று அவன் மனைவி உதயகலா சொல்லிப் பார்த்தாள். சுதாகரன் ஒவ்வொரு படத்தின் பெயராக வாசித்து, இது நல்ல படம், இதை இன்னொருமுறை பார்க்கவேண்டும் என்று வைத்துக்கொண்டே வந்தான். ஒரு மணித்தியாலம் இருந்து மொத்தமாக மூன்று படங்களை அழித்தான். ஆகவே இன்னொரு டிஸ்க் வாங்குவது என்று முடிவாயிற்று.

அந்தக் குடும்பத்தில் மின்சாரத்தில் ஓடுகிற எதை வாங்குவதென்றாலும் மயூரதனைத்தான் கேட்பார்கள். சுதாகரனின் தங்கை கீர்த்திகாவைக் கட்டியவன்; நெல்லியடியில் கைபேசிக் கடை வைத்திருந்தான். தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னவன், மூன்று கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை பின்னேரம் வந்து மேசையில் ஒரு சாமானை வைத்தான். நெருப்புப்பெட்டி அளவு. பளபளவென்று மினுங்கியது. மேலே பதினாறு டெராபைட் என்று எழுதியிருந்தது. இன்டர்நெட்டில் வெளிநாட்டிலிருந்து ஐந்து எடுப்பித்ததாகவும், ஒன்று இந்த வீட்டுக்கு, மற்றது நாலும் கடைக்கு வருகிறவர்களுக்கு என்றும் சொன்னான். நாளைக்கு வந்து எல்லாவற்றையும் இதற்கு மாற்றிவிட்டு உள்ளே இருக்கும் டிஸ்க்கில் உள்ளதை முழுதாக அழித்துத் துடைத்துவிடுவானாம். கொம்பியூட்டர் குதிரை மாதிரி ஓடுமாம்.

சுதாகரனுக்கு வாயெல்லாம் பல். உதயகலா மட்டும் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அவள் கூட்டுறவுச் சங்கக் களஞ்சியத்தில் பத்தொன்பது வருடமாகச் சாமான் பொறுப்பெடுக்கிறவள். லொறியில் எத்தனை மூட்டை வந்தாலும் ஒவ்வொன்றாகத் தராசில் ஏறி இறங்கினால் ஒழியக் கையெழுத்து வைக்கமாட்டாள். டிரைவர்மார் முணுமுணுப்பார்கள். மூட்டையில் அச்சடித்த நிறை மூட்டைக்குள்ளும் இருக்கும் என்பதற்கு என்ன நிச்சயம் என்று கேட்பாள்.

உள்ளே இருக்கிற இரண்டு டெராபைட் டிஸ்க்கே இதைவிடப் பெரிதாயிற்றே, அதுபோல எட்டு மடங்கு இதற்குள் எப்படி அடங்கும் என்று மயூரதனிடம் கேட்டாள்.

"இப்ப எல்லாம் சின்னனாத்தான் வருது அக்கா," என்றான் அவன். "உதையெல்லாம் நீங்கள் யோசிச்சு மண்டையைக் குழப்பாதேங்கோ."

அவள் நாளை அவன் வரும்வரை அது தன்னிடம் இருக்கட்டும் என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, இடியப்பம் அவித்து இறக்கிய கையோடு வந்து கொம்பியூட்டர் முன் உட்கார்ந்தாள். பெரிய படங்களாக இருபதைத் தெரிந்தெடுத்து, ஒன்று, இரண்டு என்று இலக்கமிட்டு, புது டிரைவுக்குப் பிரதி எடுத்தாள். பழையதில் ஒன்றையும் தொடவில்லை. ஒன்பது மணிபோலப் பிரதி முடிந்தது. இருபது படத்தின் பெயரும் அளவும் சரியாகக் காட்டின. வேறொருவர் என்றால் அத்தோடு திருப்திப்பட்டு எழும்பியிருப்பார். உதயகலா ஒவ்வொன்றாகத் திறந்து, தொடக்கம், நடு, முடிவு என்று ஓடவிட்டுப் பார்த்தாள்.

எட்டுப் படம் ஓடியது. ஒன்பதாவது பாதியில் நின்றது. பத்தாவது திறக்கவேயில்லை. அதற்குப் பிறகு இருபதுவரை ஒன்றுமே இல்லை. பெயர் மட்டும் இருந்தது. டிரைவைக் கழற்றி வேறு துளையில் செருகிப் பார்த்தாள். பிறகு கொம்பியூட்டரையே நிறுத்திப் போட்டுப் பார்த்தாள். எட்டுக்கு மேல் ஓடவில்லை.

தான் நினைத்தது சரிதான் என்ற சந்தோஷம் முதலில் வந்தது. அடுத்த கணம் பழைய டிஸ்க்கை நினைத்தாள். நேற்றே மாற்றித் துடைத்திருந்தால் பன்னிரண்டு வருடமும் போயிருக்கும். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த சுதாகரனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் பத்தாவது படத்தை நாலு தரம் அமத்திப் பார்த்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டான்.

பதினொரு மணிக்கு மயூரதன் கீர்த்திகாவோடு வந்தான். விஷயத்தைக் கேட்டதும், செருகியது சரியில்லை, கொம்பியூட்டர் பழசு, படங்களில்தான் பிழை இருக்கும் என்று வரிசையாகக் காரணம் சொன்னான். உதயகலா குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டாள். பிறகு எழும்பித் தன் கதிரையை அவனுக்குக் கொடுத்தாள்.

"நீங்களே போட்டுப் பாருங்கோ தம்பி. உங்களுக்கு விருப்பமான நம்பரை எடுங்கோ."

அவன் பதினாலை எடுத்தான். பிறகு பதினேழு. அதே படங்கள் பழைய டிஸ்க்கில் கண்ணாடி போல ஓடுவதையும் பார்த்தான். சமையலறைக் கத்தியை வாங்கி அந்த மினுங்கல் பெட்டியின் விளிம்பை நெம்பினான். உள்ளே, கைபேசிக்குப் போடுகிற நகத்தளவு மெமரி கார்ட் ஒன்று பசையால் ஒட்டியிருந்தது. பக்கத்தில் பாரம் தெரிவதற்காக இரண்டு இரும்புத் துண்டுகள். எட்டுச் சொச்சம் படத்துக்குத்தான் அந்தக் கார்டில் இடம்; மிச்சத்துக்குப் பெயரை மட்டும் காட்டி ஏமாற்றியிருக்கிறது.

"என்னை வடிவாப் பேய்க்காட்டி ஏமாத்திப் போட்டாங்கள் அக்கா," என்றான் மயூரதன். முகம் கறுத்துப்போயிருந்தது.

மற்ற நாலும் எங்கே என்று உதயகலா கேட்டாள். மூன்று அவன் கடையில்தான் இருந்தன. ஒன்றை, கலியாண வீடியோ எடுக்கிற ஜெரிசனுக்கு முந்தாநாள் கொடுத்துவிட்டானாம். உடனே அழைக்கச் சொன்னாள். அவன் கைபேசியை எடுத்து வைத்துக்கொண்டு தயங்கினான். ஜெரிசன் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவான், கடைப் பெயர் கெட்டுவிடும் என்று முனகினான்.

"வெக்கத்தைப் பிறகு பாப்பம். ஆரோ ஒரு பிள்ளையின்ரை கலியாண வீடியோ அதுக்குள்ளை போனால் திருப்பி எடுக்கேலாது. எடுங்கோ."

எடுத்தான். ஜெரிசன் வெள்ளிக்கிழமைக் கலியாணம் ஒன்றை முழுதாக அதற்கு மாற்றிவிட்டு, பின்னேர வேலைக்காக கமராக் கார்டுகளைத் துடைக்க இருந்த நேரம். துடைக்கவில்லை. விஷயம் தெரிந்ததும் அவன் ஏசவில்லை. கண்டுபிடித்தது யார் என்றுதான் கேட்டான். மயூரதன் மறைக்காமல் உதயகலாவின் பெயரைச் சொன்னான்.

செவ்வாய்க்கிழமை அவள் லீவு போட்டுவிட்டு யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினாள். மயூரதனும் கேட்காமலே கூட வந்தான். ஆனால் கடைக்குள் அவள்தான் முன்னே நடந்தாள். கண்காணிப்புக் கமராக்கள் விற்கிற அந்தக் கடையில் இரவு பகலாக ஓடக்கூடிய டிஸ்க்குகள் இருக்கும் என்று விசாரித்து வைத்திருந்தாள். கடைக்காரர் மரியரட்ணம் முதலில் கைக்கு அடக்கமான ஒன்றை எடுத்துக் காட்டினார். அது மின்சாரத்தைக் கொம்பியூட்டரிலிருந்துதான் எடுக்குமா என்று கேட்டாள். ஓம் என்றார். வீட்டில் இருக்கிற கொம்பியூட்டர் சின்னது, நாள் முழுக்க மின்சாரம் கொடுத்துத் தாங்காது என்று விலக்கினாள். பெரியதொன்றைக் காட்டினார், தனக்கென்று தனிவயர் உள்ளது. அதை ஓடவிடச் சொல்லிக் காதை வைத்துக் கேட்டாள். படம் பார்க்கிற இடத்தில் இரையக்கூடாது அல்லவா? பூனை மூச்சுவிடுகிற அளவுதான் கேட்டது.

எட்டு டெராபைட்டாக ஒன்று எடுக்கலாமே என்றார் மரியரட்ணம். எட்டு என்றதும் மயூரதனின் முகத்தில் ஆசை எட்டிப்பார்த்தது.

உதயகலா கொஞ்சநேரம் யோசித்தாள்.

"எட்டிலை ஒண்டு வேண்டாம். நாலிலை ரெண்டு தாங்கோ. ஒண்டு ரீவிக்குக் கீழை கிடக்கட்டும். மற்றது எல்லாத்தையும் பிரதி எடுத்து அலுமாரிக்குள்ளை கிடக்கட்டும். ஒண்டு போனால் மற்றது இருக்கும்."

மரியரட்ணம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். இந்த வருடம் முழுக்கக் கடைக்கு வந்தவர்களில் ஒருவரும் இப்படி யோசித்துக் கேட்டதில்லை என்றார். வீட்டில் முழுதாக நிரப்பிப் பார்ப்பேன், பிழை என்றால் திருப்பிக் கொண்டுவருவேன் என்று அவள் சொன்னபோது, தாராளமாக என்று துண்டில் திகதி போட்டு ஒப்பமும் வைத்துக் கொடுத்தார்.

நிரப்பிப் பார்க்க மூன்று நாள் சென்றது. கரண்ட் ஒருமுறை நின்று வந்ததால் நடுவில் மறுபடி தொடங்கவும் வேண்டியிருந்தது. கடைசி மூலைவரை எல்லாம் திறந்தது, எல்லாம் ஓடியது. நிரப்பியதை அழித்த பிறகுதான் படகோட்டப் போட்டிகளை ஏற்றினாள், இரண்டு டிஸ்க்கிலும்.

அடுத்த ஞாயிறு சுதாகரன் தன் படகுக்காரர் எல்லாரையும் அழைத்திருந்தான். ஹோலில் இடம் போதாமல் வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். ஒவ்வொரு வருடப் போட்டியாக ஓடியது. தாங்கள் வென்ற வருடம் வந்தபோது முடிவுக் கோட்டை மூன்றுமுறை போடச்சொல்லிப் பார்த்தார்கள். வந்த ஒவ்வொருவரையும் சுதாகரன் ரீவிக்குக் கீழே குனிய வைத்து டிஸ்க்கைக் காட்டினான். அலுமாரியைத் திறந்து மற்றதையும் காட்டினான். "கலாதான் தெரிஞ்சு எடுத்தவ," என்று ஒவ்வொருவருக்கும் சொன்னான். இனி என்ன வாங்குவதென்றாலும் முதலில் அக்காவைக் கேளுங்கள் என்று மயூரதன் சொன்னதை எல்லாரும் கேட்டார்கள். ஜெரிசன் ஒரு பெட்டி கேக்கோடு வந்து, அந்தக் கலியாணப் பிள்ளை கொடுத்துவிட்டது என்று அவள் கையில் வைத்தான்.

ஆட்கள் போய் ஹோல் ஓய்ந்தபோது சுதாகரன் ரிமோட்டை அவளிடம் நீட்டினான். அந்த வீட்டில் அது அவன் கையைவிட்டு இறங்குவது அபூர்வம்.

"இடம் எக்கச்சக்கமாக் கிடக்கு. உமக்கு என்ன படம் வேணும், சொல்லும்."

இவ்வளவு வருடமும் அவளை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. அவள் சிரித்துக்கொண்டே நடுக் கதிரையில் சாய்ந்து இருந்தாள், காலை நீட்டிக்கொண்டாள். கேக்கில் ஒரு துண்டை வெட்டித் தரச் சொல்லிவிட்டு, ஆறுதலாகப் பட்டியலை மேலிருந்து வாசிக்கத் தொடங்கினாள்.