ஈசான மூலைத் தொட்டி

யோகராணியின் மீன்தொட்டியைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் மேலே நீந்துகிற மீன்களைத்தான் பார்ப்பார்கள். நீலக்கோடு போட்ட நியான்கள் கூட்டமாகப் போகும், கப்பிகள் வாலை விசிறிக்கொண்டு ஆளுக்கு ஆள் தளுக்குக் காட்டும். "நல்ல வடிவு" என்று சொல்லிவிட்டு வந்தவர்கள் வடைத்தட்டுப் பக்கம் திரும்பிவிடுவார்கள். யோகராணிக்கு அதில் மனக்குறை ஏதும் இல்லை. மேலே நீந்துகிறதெல்லாம் விருந்தாளிகளுக்கு. அவளுடைய சொந்தங்கள் அடியில் இருந்தன.

அவை லோச் மீன்கள், மொத்தம் ஐந்து. சுண்டுவிரல் நீளம், சணல்கயிற்றின் பருமன், மஞ்சள் உடம்பில் மண்ணிறப் பட்டைகள், வாயைச் சுற்றி மெல்லிய மீசை. நீந்துவதைவிட ஊர்வதுதான் அதிகம். மற்ற மீன்கள் சிந்தியதைத் தேடித் தின்னும், ஒருவரோடும் சண்டைக்குப் போகாது, தங்களுக்குள் ஒன்றன்மேல் ஒன்று சுருண்டு கிடக்கும். தன்னைப் பார் என்று அலட்டாத அந்தச் சீவன்களை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. நகரின் கிழக்கே ஈஸ்ட் டாமாக்கியில், ரொட்டி சுடுகிற பாண் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை அவளுக்கு. காலை ஷிஃப்டுக்குப் புறப்படுமுன் தொட்டிக்கு முன்னால் தேத்தண்ணியோடு குந்தியிருக்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் நாள் முழுவதற்கும் அவளைத் தாங்கும். இந்த நாட்டுக்கு வந்து தனக்கென்று மட்டும் அவள் வாங்கிய முதல் பொருளும் அந்தத் தொட்டிதான்.

பக்கத்து வீட்டுச் சிந்து தேனிக்காரி. முதல்தடவை குனிந்து பார்த்தவள், "அட, இது நம்ம அயிரை வகைல்லக்கா! புளி ஊத்திக் கொழம்பு வெச்சா..." என்று ஆரம்பித்தாள். அன்றைக்குச் சிந்துவுக்குத் தேத்தண்ணி கிடைக்கவில்லை.

வினையை யோகராணியேதான் தேடிக்கொண்டாள். தொட்டியில் முதலில் பருக்கைக்கல் கிடந்தது. லோச்சுகளின் மீசை அதில் உரசித் தேய்ந்துபோகும் என்று எங்கேயோ வாசித்துவிட்டு, மாவு மாதிரி வெள்ளை மணல் ஒரு மூட்டை வாங்கிவந்தாள். பின்வளவில் வைத்துத் தண்ணீர் தெளியும்வரை கழுவினாள், முதுகு விட்டுப்போகும்வரை கழுவினாள். பாதியைத் தொட்டியில் பரப்பிவிட்டு, மிச்சத்தை வீட்டில் ஒரு மூலையில் செருகினாள். அவ்வளவு பாடுபட்டவளுக்கு லோச்சுகள் காட்டிய நன்றி என்ன தெரியுமா? ஐந்தும் மணலுக்குள் தலையைக் கொடுத்தன, உள்ளே போயின, போனவை போனவைதான்.

வாரங்கள் மாதங்களாயின. ஒரு மீசைகூட வெளியே தெரியவில்லை. யோகராணி மட்டும் அடியில் விழுகிற தீனிக்குளிகைகளை நாள் தவறாமல் போட்டுவந்தாள்.

இந்த இடத்தில்தான் தியாகலிங்கத்தார் வருகிறார். யோகராணியின் கணவர். நகரின் வடக்கே ஆல்பனியில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை, கோயில் சபையில் செயலாளர், எந்த வீட்டு விசேஷத்திலும் நடுக்கதிரை. பகிடி விடாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. "என்ர மனுசி மணலுக்குச் சாப்பாடு போடுறா" என்ற பகிடியைக் கோயில் மடப்பள்ளி முதல் பிறந்தநாள் வீடு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார். எல்லோரும் சிரித்தார்கள். யோகராணியும் சிரித்தாள், ஆனால் ஒவ்வொரு தடவையும் அவளுக்குள் சுருக்கென்றது.

நவராத்திரி நெருங்கியது. தியாகலிங்கத்தாரின் கண் தொட்டி இருந்த மூலையில் விழுந்தது.

"இஞ்சாரும் ராணி, ஈசான மூலை. அதில கும்பம் வச்சால் எவ்வளவு விசேஷம்!"

"ஈசான மூலையில தண்ணி இருக்கிறது நல்லதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

"உயிருள்ள தண்ணியெண்டால் சரி. உதுக்குள்ள நாலு கப்பியைத் தவிர என்ன கிடக்கு? உம்மட லோச்செல்லாம் எப்பவோ மேல போய்ச் சேந்திட்டுது."

"இல்லை. இருக்குதுகள்."

"அப்ப காட்டும். நவராத்திரி தொடங்க முன்னம் ஒண்டே ஒண்டைக் கண்ணில காட்டும். நான் வாய் திறக்கமாட்டன். இல்லையெண்டால் தொட்டி ஷனிலுக்கு."

ஷனில் அவர்கள் குடியிருந்த ஒனிஹங்காவிலேயே இரண்டு தெரு தள்ளி இருக்கிற பிஜிக்காரப் பையன், குழாய் வேலை செய்கிறவன், மீன் வளர்க்க ஆசைப்பட்டவன். கணவர் அவனிடம் ஏற்கெனவே சொல்லியும் வைத்துவிட்டார் என்பது யோகராணிக்குப் பிறகுதான் தெரியவந்தது. ஆனால் அவள் ரோசக்காரி. "சரி" என்றாள்.

சொல்லிவிட்டாளே தவிர, லோச்சுகள் அவள் சொல்லுக்கு ஆடுமா? விளக்கை அணைத்துப் பார்த்தாள். வெள்ளரித்துண்டு போட்டுப் பார்த்தாள். கண்ணாடியில் மூக்கு அமுங்கக் குந்தியிருந்து பார்த்தாள். மேல்மீன்கள் வெள்ளரியைத் தின்று கொழுத்தன. மணல் அசையவில்லை. கடைசியில், அவர் சொல்வதுதான் சரியோ என்று அவளுக்கே தோன்றிவிட்டது. தொட்டி போவதைவிட அந்த நினைப்புத்தான் அவளை வாட்டியது. தன் கையால் போட்ட மணலே அந்த அப்பாவிகளுக்குக் குழியாகிவிட்டதோ என்று நினைத்தபோது கண் கலங்கியது.

நவராத்திரி முதல் நாள். வேலைநாள் என்பதால் யோகராணி ஷிஃப்டுக்குப் போயிருந்தாள். தியாகலிங்கத்தார் மத்தியானத்தோடு லீவு போட்டு வந்து, குளித்து, பட்டுவேட்டி உடுத்தி, கும்பம் வைக்கிற ஆயத்தத்தில் இறங்கினார். தாம்பாளத்தில் மணல் பரப்பி, அதில் நவதானியம் விதைத்து, நடுவில் கும்பத்தை இருத்தவேண்டும். பத்தாம் நாளுக்குள் தானியம் முளைத்துப் பச்சைப்பசேலென்று நிற்கும். செம்பு இருந்தது, தேங்காய் இருந்தது, மாவிலைக்குப் பதில் ஏதோ ஒரு இலையும் இருந்தது. மணலைத்தான் மறந்துபோனார்.

மேற்குக் கடற்கரைக்கு ஓடலாம், ஆனால் அங்கே மணல் கரிக்கறுப்பு. கறுப்பு மண்ணில் அம்மாளை இருத்த அவர் மனம் ஒப்பவில்லை. சிறுவர் விளையாட்டுத் திடலில் அள்ளலாம், ஆனால் பூனைகள் அங்கே என்னென்ன செய்துவைத்திருக்குமோ. இப்படி யோசித்துக்கொண்டு திரும்பியவரின் கண்ணில் தொட்டி பட்டது. வெள்ளை மணல். மாதக்கணக்காகத் தண்ணீரிலேயே கிடக்கிற மணல். இதைவிடச் சுத்தம் எங்கே கிடைக்கும்? எப்படியும் தொட்டி இன்றைக்குப் போகப்போகிறது. சட்டையில்லாத தோளோடு கையை விட்டு, உள்ளே கிடந்த மரக்கட்டையை நகர்த்தி, அள்ளி அள்ளித் தாம்பாளத்தில் போட்டார்.

மோட்டர்வே நெரிசலில் மாட்டி யோகராணி வீடு வந்து சேர்ந்தபோது கும்பம் கம்பீரமாக இருந்தது. தொட்டித் தண்ணீர் கஞ்சித்தண்ணியாய்க் கலங்கிக் கிடந்தது.

"ஆர் இதில கை வச்சது?"

"நான்தான். பதறாதையும், கும்பத்துக்குக் கொஞ்ச மண் எடுத்தனான்."

"எங்கயிருந்து எடுத்தனீங்கள்?"

"உந்தக் கட்டைக்குக் கீழயிருந்து. அங்கதான் நல்ல மெத்தெண்டு கிடந்தது."

கட்டைக்குக் கீழே. லோச்சுகள் எங்கேயாவது இருந்தால் அங்கேதான் இருக்கும். யோகராணி தாம்பாளத்துக்கு ஓடினாள்.

"இஞ்சாருங்கோ, கும்பத்தைத் தூக்குங்கோ. அந்த மண்ணை உடன தண்ணிக்குள்ள போடவேணும்."

"உமக்கென்ன விசரே? வச்ச கும்பத்தைப் பத்தாம் நாள் மட்டும் அசைக்கக்கூடாது. நான் கையாலதானே அள்ளினனான், ஒண்டுமே இல்லை அதுக்குள்ள!"

அவள் வாயெடுக்குமுன் வாசல்மணி அடித்தது. சிந்து வந்தாள், கோயில் ஆட்கள் வந்தார்கள், இரண்டு பெரிய வாளிகளோடு ஷனிலும் வந்தான். பத்துப் பேர் நடுவில் அம்மாளின் கும்பத்தைப் பிடித்து இழுக்க அவளுக்குத் துணிவு வரவில்லை. ஒரு செம்பில் தொட்டித் தண்ணீரை மொண்டுகொண்டு போய்த் தாம்பாளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மணல் காயாதபடி விரலால் தெளித்தாள், மறுபடி தெளித்தாள், தெளித்துக்கொண்டே இருந்தாள். கண்ணில் நீர் முட்டி நின்றது.

"என்ன பக்தி பாருங்கோ" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். தியாகலிங்கத்தாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

தேவாரம் முடிந்தது. மணியடித்துக்கொண்டு தியாகலிங்கத்தார் கர்ப்பூரத்தட்டைத் தூக்கினார். அந்த நேரம் பார்த்து, பயறும் நெல்லும் தூவிய மணல் கும்பத்தின் அடியோரம் மெல்ல மேலெழுந்தது. வெடித்தது. மஞ்சளும் மண்ணிறமுமாக ஒரு சின்னத் தலை வெளியே நீண்டு, சபையை ஒருதரம் பார்த்தது.

"ஐயோ, பாம்பு!" என்று சிந்து நாற்காலியில் ஏறினாள்.

"நாகதம்பிரான்!" என்றார் தியாகலிங்கத்தார். தட்டைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் தலைக்குமேல் கூப்பினார். மற்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"அங்கிள், அது ஃபிஷ்! ஃபிஷ் அங்கிள்!" என்று கத்தினான் ஷனில்.

யோகராணி யாரையும் பார்க்கவில்லை. "இருக்குதுகள்!" என்றாள். "உயிரோட இருக்குதுகள்!" அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மறுகணம் கணவரை அண்ணாந்து பார்த்தாள். கும்பத்தைத் தூக்கச் சொல்லி அவள் இரண்டாம் தடவை கேட்கவில்லை. கேட்கவும் மாட்டாள்.

தியாகலிங்கத்தார் கும்பத்தைப் பார்த்தார், மணலைப் பார்த்தார், மனைவியின் நனைந்த முகத்தைப் பார்த்தார்.

"அம்மாளே, பொறுத்துக்கொள்ளு" என்றார். குனிந்து, இரண்டு கைகளாலும் கும்பத்தைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "ராணி, கெதியாப் பாரும்!"

தொட்டியைக் கொண்டுபோக வந்த வாளியில் ஷனில் தொட்டித் தண்ணீரை நிரப்பினான். யோகராணி மணலைப் பிடிபிடியாக எடுத்துத் தண்ணீரில் கரைத்தாள். முதல் லோச் வளைந்து நெளிந்து அடிக்கு ஓடியது. இரண்டாவது, மூன்றாவது. பாம்பென்று அலறிய சிந்துவே நாற்காலியிலிருந்து இறங்கி, வேட்டிக்காரர்களை விலக்கிவிட்டு எண்ணத் தொடங்கினாள். "நாலு... அஞ்சு... அக்கா, எல்லாம் வந்துடுச்சு! இருங்க, இது என்ன?"

ஐந்தோடு நிற்கவில்லை. நூல் மாதிரி மெல்லியதாக, பட்டை மட்டும் அச்சொட்டாகத் தாயைப் போலவே போட்டுக்கொண்டு, குஞ்சுகள் வந்தன. இத்தனை மாதமாக மணலுக்குள் பதுங்கியிருந்து அவை குடும்பம் நடத்தியிருக்கின்றன. கைதட்டத் தொடங்கியது யாரென்று தெரியவில்லை, வீடு முழுவதும் கைதட்டியது.

தியாகலிங்கத்தார் மட்டும் தட்டவில்லை. கும்பத்தை நிலத்தில் வைக்கக்கூடாது, அதனால் பிள்ளையை ஏந்தியவர் போல நின்றார். வியர்த்து வழிந்தது.

"ராணி, கை விட்டுப்போச்சு. இப்ப மண்ணுக்கு எங்க போறது?"

"வாஷிங் மெஷினுக்குப் பின்னால அரை மூட்டை கிடக்கு."

"என்ன?"

"கழுவின மண். கேட்டிருந்தால் தந்திருப்பனே."

சிரிப்பில் வீடு அதிர்ந்தது. நடுக்கதிரைக்காரர் வெட்கத்தில் தலையைக் குனிந்தார். பிறகு அவரும் சிரிக்கத் தொடங்கினார், தேங்காய் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

புது மணலில் நவதானியத்தை மறுபடி விதைத்து, அம்மாளை இருத்தி, மன்னிப்புக் கேட்டு, பூசை முடிந்தது. ஷனில் வெறும் வாளிகளோடு தயங்கி நின்றான். "அங்கிள், அப்போ டேங்க்?"

"நீ சுண்டல் கொண்டு போ, தம்பி" என்றார் தியாகலிங்கத்தார். யோகராணி அவனைத் தனியே கூப்பிட்டு, குஞ்சுகள் வளர்ந்ததும் கொஞ்சம் தருவதாகச் சொன்னாள். அவன் சந்தோஷமாகப் போனான்.

அடுத்த நாள்களில் வந்தவர்களெல்லாம் கும்பத்தைக் கும்பிட்டுவிட்டு நேரே தொட்டிக்குத்தான் வந்தார்கள், இந்தத் தடவை அடியைப் பார்க்க. நடந்ததைச் சொன்னவர் தியாகலிங்கத்தார்தான். தான் நாகதம்பிரான் என்று கும்பிட்டதை ஒளிக்காமல் சொன்னார். சொல்லச்சொல்லக் கதை கொஞ்சம் நீண்டதும் உண்மை.

விஜயதசமியன்று தாம்பாளத்தில் முளை பச்சையாக நின்றது. அதைப் பிடுங்கி ஓடும் தண்ணீரில் விடுவதற்குத் தியாகலிங்கத்தார் புறப்பட்டபோது, "இஞ்ச ஒருக்கா வாருங்கோ" என்று யோகராணி கூப்பிட்டாள்.

தொட்டியின் அடியில், கட்டைக்குப் பக்கத்தில், ஒரு நெல்முளை நின்றது. பழைய மணலோடு தொட்டிக்குத் திரும்பிய விதை. அதன் அடியைச் சுற்றி ஒரு லோச் சுருண்டு படுத்திருந்தது.

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இது ஏற்கெனவே தண்ணியிலதானே நிக்குது" என்றார். "இதை ஆரும் பிடுங்கவேண்டாம்."

பிறகு சந்தனக் கிண்ணத்தை எடுத்து வந்தார். தொட்டி உயரமில்லாத மேசையில் இருந்தது. அதன் கீழ்விளிம்பு எட்டவேண்டுமென்று பட்டுவேட்டியோடு தரையில் மண்டியிட்டு, லோச்சுகள் கிடக்கிற மட்டத்தில், கண்ணாடியில் ஒரு பொட்டு வைத்தார். எழும்பாமல் அங்கேயே இருந்தபடி மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"ராணி, மணலுக்குச் சாப்பாடு போட்டாச்சோ?"

"இல்லை, இண்டைக்கு நீங்கள் போடுங்கோ" என்று தீனி டப்பாவை அவர் கையில் கொடுத்தாள் யோகராணி.