மூலை இருக்கும் அச்சு

அவள் உலோக வார்ப்புப் பட்டறை ஒன்றில் வடிவமைப்பாளர். கணவர் கல்லூரியில் கணிதப் பேராசிரியர்; எந்தக் கணக்கையும் அவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்வது அவள் வழக்கம். வார்ப்புகளில் அடிக்கடி விரிசல் விழவே, உருக்கி ஊற்றிய உலோகம் அச்சுக்குள் எப்படிக் குளிர்கிறது என்று கணக்கிடச் சொன்னது பட்டறை. அதற்காக அவள் வேறுபாட்டு முறையைக் கற்கத் தொடங்கினாள். அச்சைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தின் அடுத்த கண வெப்பத்தைப் பக்கத்துக் கட்டங்களிலிருந்து கூட்டிக் கழித்துப் பெறும் முறை அது. வகைக்கெழு இருந்த இடத்தில் வெறும் கழித்தல்.

கணவர் முகத்தைச் சுளித்தார். சமன்பாடு என்பது தீர்க்க வேண்டியது, தட்டிக்கொட்டிப் பார்ப்பதற்கல்ல என்றார். வீட்டுக்கு வந்த சக பேராசிரியர்களிடம், தன் மனைவி மளிகைக் கணக்குப் போடுவதாகச் சொல்லிச் சிரித்தார்.

அவள் எழுதிய நிரல் கணினியில் முதல் தடவை ஓடியபோது எண்கள் கன்னாபின்னாவென்று எகிறின. ஒரு கட்டம் சூரியனைவிடச் சூடு, பக்கத்துக் கட்டம் பனிக்கட்டியைவிடக் குளிர். கட்டங்களை இன்னும் பொடிசாக்கினாள்; இன்னும் மோசம். கணவர் பின்னால் வந்து நின்றார்.

"கழித்தல்கூட வரலையா உனக்கு?"

அவள் புத்தகத்தை எடுத்தாள். பாடத்தை மறுபடி படித்தாள். கட்டத்தைப் பாதியாக்கினால் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குப் போகும் நேரத் தாவலைக் கால்வாசியாக்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது. தாவலைக் குறைத்ததும் எண்கள் அடங்கி, ஒழுங்காக ஆறத் தொடங்கின.

கணவருக்குப் பொறுக்கவில்லை. அதே அச்சுக்குத் துல்லியமான சூத்திரமே தருகிறேன் என்று விடுமுறை முழுக்க அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்து நீட்டிய தாள்களில் முதலாவதை அவள் படித்தாள்.

"இதுல அச்சு உருண்டையா இருக்கே."

"கணக்கு சுலபமாகட்டும்னு அப்படி வெச்சுக்கிட்டேன்."

"எங்க அச்சு 'ட' மாதிரி மடங்கியிருக்குங்க. அந்த மூலையிலதான் விரிசலே விழுது."

மூலையெல்லாம் பெரிய விஷயமில்லை என்று முணுமுணுத்துவிட்டு அவர் குளிக்கப் போனார்.

மூலைதான் கடைசியில் உறைகிறது, சுற்றிலும் இறுகிய பிறகு அது சுருங்குவதால்தான் விரிசல் என்று அவள் கணக்கு காட்டியது. அந்த இடம் சீக்கிரம் குளிர, பட்டறையில் அச்சுக்குள் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும் ஓர் இரும்புத் துண்டைப் பதித்தார்கள். விரிசல் நின்றது.

செய்தி கேட்ட கணவர் குழைந்தார். இதை ஆய்வுக் கட்டுரையாக எழுதலாம், தன் பெயர் முதலில் இருந்தால் நாலு பேர் மதிப்பார்கள் என்றார். இந்த மனிதரிடமா இத்தனை காலம் சரியா தப்பா என்று கேட்டு நின்றோம் என்று அவளுக்கு இருந்தது. கோபம்கூட வரவில்லை.

"வேண்டாங்க," என்றாள்.

அவர் காரணம் கேட்டார். காரணம் சொல்லிப் புரியவைக்க வேண்டிய ஆளாக அவர் இப்போது தெரியவில்லை.