வேனுக்கா, வீட்டுக்கா

"அந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கிப் பிடி, நிலையில இடிக்குது" என்றான் அண்ணன். அவளும் அவனும் முன்னறை சோபாவை வாசல் வழியாக வெளியே கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். அம்மாவைக் கிடத்த உள்ளே இடம் வேண்டியிருந்தது. விடியும்போது ஆஸ்பத்திரியில் அடங்கிப்போன அம்மா இன்னும் சற்று நேரத்தில் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

முற்றத்தில் இறக்கி வைத்தபோதே சிமெண்ட் தரை காலைச் சுட்டது. மரமில்லை, மறைப்பில்லை. வருகிறவர்கள் எங்கே உட்காருவார்கள்? அண்ணன் வீட்டின் முகப்புச் சுவரை அண்ணாந்து பார்த்தான். அளவெடுத்து அவன் பென்சிலால் போட்ட கோடுகள் அங்கே இன்னும் அழியாமல் இருந்தன.

"அன்னைக்கே இங்க மாட்டியிருந்தா..." என்று தொடங்கியவன் வாயை மூடிக்கொண்டான்.

மிச்சம் அவளுக்குத் தெரியும். அந்த வீட்டில் வெகுநாள் ஓடிய வழக்கு அது. சுருட்டி விரிக்கும் அந்த நிழல்துணியைக் கடையில் ஆனிங் என்றார்கள். அம்மாவுக்கு அது துணிக்கூரை. அதை வீட்டுக்குப் போடுவதா, வேனுக்குப் போடுவதா? வேலைக்காலம் முழுக்க பஸ் ஓட்டிய அப்பா, ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய வேனை வாங்கி உள்ளே கட்டிலும் அடுப்பும் பொருத்தி வைத்திருந்தார். அம்மா வீட்டு வாசலிலேயே நிழலில் உட்காரட்டும் என்றான் அண்ணன். "இதயம் வீங்கியிருக்கிற மனுஷியை ஊர் ஊரா இழுத்துட்டுப் போகணுமா?" என்று அப்பாவிடம் சண்டை போட்டான். கடைசியில் துணிக்கூரை வேனுக்குத்தான் போனது. அன்றோடு அவன் அப்பாவிடம் நேராகப் பேசுவதை விட்டுவிட்டான். "அவர் சாப்பிட்டாச்சான்னு கேளு" என்பான், அவர் எதிரிலேயே நின்றுகொண்டு.

அம்மா வந்தாள். அப்பா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டார். அம்மாவோடு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை செய்த பெண்கள் சேர்ந்து வந்து, அழுது, முற்றத்துக்கு வந்து புடவைத் தலைப்பைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார்கள். இருந்த குடைகள் பத்தவில்லை. பக்கத்து வீட்டுக் கண்ணாடிக்கடைக்காரர்தான் சொன்னார்.

"டிரைவர் வேன்ல ஒண்ணு இருக்குமே. அதைக் கொண்டாந்து விரிச்சா என்ன?"

அண்ணன் காது கேளாதவனைப் போல நாற்காலிகளை நகர்த்தினான். அவள் உள்ளே போய்க் குனிந்து கேட்டாள்.

"அப்பா, வேனை வாசலுக்குக் கொண்டாரட்டுமா?"

அவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். அவள் திரும்பியபின், "துணியைத் தாங்குற ஒரு கால் வளைஞ்சிருக்கும். பார்த்துப் பிடிங்க" என்றார்.

அண்ணன் வேனைப் பின்னால் எடுத்து முற்றத்தை ஒட்டி நிறுத்தினான். அவள் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, குழாய்க்குள்ளிருந்து நீலக்கோடு போட்ட துணி இறங்கிவந்தது. அவன் ஒரு காலை ஊன்றினான். மற்றது கோணிக்கொண்டு நின்றது.

"இது எப்ப வளைஞ்சுது?"

"ஏரிக்கரைக்குப் போனப்ப. காத்து தூக்கிடுச்சாம்."

"போனாங்களா?" அவன் குரல் உயர்ந்து, உடனே தாழ்ந்தது. "டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னப்புறமுமா? அவருக்கு அம்மாவைவிட இந்த டப்பா வேன் பெரிசாப் போச்சு, இல்ல?"

துணியின் ஓரத்தைப் பிடித்திருந்த அவள் சலவைக்கூடத்துப் பெண்களைப் பார்த்தாள். பிறகு அவனருகில் வந்தாள்.

"வேனுக்கு வேணும்னு அப்பா கேக்கலண்ணா. அம்மாதான் கேட்டாங்க."

"என்ன உளர்ற?"

"கடைக்கு நானும்தானே போயிருந்தேன்."

அன்று கடைக்காரம்மா இரண்டையும் விரித்துக் காட்டினாள். வீட்டுக்கானது கனத்த துணி. கால் இல்லாமல் சுவரில் போல்ட் அடித்த இரும்புக் கைகளில் நிற்கும், பொத்தானை அமுக்கினால் போதும். வேனுக்கானது லேசு, காற்று வந்தால் ஓடிப்போய்ச் சுருட்ட வேண்டும். அப்பா, "வீட்டுக்கே போட்டுடலாம், அவன் சொல்றதுதான் சரி" என்றார். அம்மா இரண்டுக்கும் அடியில் நாற்காலி போட்டு மாறி மாறி உட்கார்ந்து பார்த்தாள்.

"வீட்டுக்கு உள்ளதுதான் ஒசத்தி, சந்தேகமே இல்ல" என்றாள். "ஆனா அதுக்கடியில உட்கார்ந்தா எதிர்வீட்டு மதில்தானே தெரியும்? ஜன்னலில்லாத ரூம்ல நின்னு காலம் பூரா இஸ்திரி போட்டாச்சு. சுவத்தைப் பார்த்து எனக்கு அலுத்துப்போச்சுங்க. வேனுக்கே போடுங்க."

கடையை விட்டு இறங்கும்போது அம்மா அவளையும் அப்பாவையும் நிறுத்தி வைத்துச் சொன்னாள்: "பெரியவன்கிட்ட இது அப்பாவோட பிடிவாதம்னே சொல்லிடுங்க. நான்தான்னு தெரிஞ்சா எங்கிட்ட வந்து கெஞ்சுவான். கெஞ்சினா நான் இளகிடுவேன். அப்பான்னா முறைச்சுக்கிட்டு மட்டும்தான் இருப்பான்."

"சரி, நானே கெட்டவனா இருந்துட்டுப் போறேன்" என்று அப்பா சிரித்தார்.

இதையெல்லாம் அவள் முணுமுணுப்பாகச் சொல்லி முடிக்கும்வரை அண்ணன் வளைந்த காலைப் பிடித்தபடியே நின்றான். பிறகு ஒரு செங்கல்லைத் தேடி எடுத்துவந்து அதற்கு அண்டைகொடுத்தான். சரியாக நிற்கிறதா என்று ஆட்டிப் பார்த்தான். மறுபடியும் ஆட்டினான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே அவரு."

அவள் துணியின் ஓரத்தை இழுத்து நேராக்கினாள்.

"ஏரிக்கரையில... நல்லா இருந்தாங்களாமா?"

"ஆரஞ்சு உரிச்சுத் தின்னுக்கிட்டு தண்ணியையே பார்த்துட்டிருந்தாங்களாம். திடீர்னு காத்து தூக்கவும் அப்பா கம்பியைப் புடிச்சுத் தொங்கியிருக்காரு. அம்மாவுக்கு சிரிப்பு அடங்கலையாம். போன்ல எங்கிட்ட சொல்லும்போதே மூச்சு வாங்கிச்சு, அப்படி ஒரு சிரிப்பு."

அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நாற்காலிகளை நிழலுக்குள் இழுத்துப் போட ஆரம்பித்தான். பெரியவர்கள் சோபாவில் உட்கார்ந்தார்கள். யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

மதியம் தாண்டி, யாரும் எதிர்பாராமல் மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் துணிக்கடியில் நெருக்கியடித்து நின்றார்கள். செங்கல் வைத்த பக்கம் தண்ணீர் தேங்கி, துணி பானை வயிறாகத் தொங்கியது. அண்ணன் துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து, கட்டையால் அதை மேலே தள்ளப் போனான்.

"குத்தாதடா. கிழிஞ்சிடும்."

அப்பா வாசற்படியில் நின்றிருந்தார். காலையிலிருந்து அவர் அம்மாவை விட்டு எழுந்தது அப்போதுதான்.

"அந்த ஓரத்துக் காலை இறக்கு."

அண்ணன் துடைப்பத்தைக் கீழே போட்டான். கால் குழாயின் திருகில் கை வைத்தான்.

"எவ்வளவு இறக்கணும்ப்பா?"

அப்பா அவனை நிமிர்ந்து பார்த்தார். "தண்ணி தானா வழியும். அதுவரைக்கும்."

அவன் திருகைத் தளர்த்தினான். தேங்கியிருந்தது மொத்தமும் திரண்டு அவன் தோளிலும் முதுகிலும் கொட்டியது. அவன் நகரவில்லை. அப்பா மழையில் இறங்கிவந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

மழை விட்டதும் வண்டி வந்தது. அம்மாவைக் கொண்டுபோக வழி வேண்டும், வேனை எடுத்தாக வேண்டும். கைப்பிடியைச் சுற்றப்போன அவள் தயங்கினாள்.

"ஈரமா இருக்கேப்பா. இப்படியே சுருட்டினா பூஞ்சை பிடிக்காது?"

"சுருட்டும்மா. நாளைக்கு விரிச்சுக் காயவச்சுக்கலாம்."

"நான் வர்றேன்" என்றான் அண்ணன், யாரையும் பார்க்காமல்.

எல்லாம் முடிந்து அவர்கள் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. கண்ணாடிக்கடைக்காரர் சோபாவையும் நாற்காலிகளையும் உள்ளே போட்டுவிட்டுப் போயிருந்தார். முற்றம் முழுக்க மழையில் கறுத்துக் கிடந்தது. நடுவில், துணிக்கூரை நின்ற இடம் மட்டும் வெளுத்த நீள்சதுரமாக, ஒன்றிரண்டு காலடிகளோடு காய்ந்திருந்தது.

முன்னால் போன அப்பா அதன் விளிம்பில் நின்றார். பிறகு அதை மிதிக்காமல், ஈரத்திலேயே சுற்றிக்கொண்டு வாசற்படிக்குப் போனார். பின்னால் வந்த அண்ணன் தரையைப் பார்த்தான். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அவனும் சுற்றியே நடந்தான்.