இடது சக்கரம் தொங்கும் இடம்

பிக்கப்பின் பின்தட்டில் போட்ட இரண்டு ஓட்டைகள் வழியாக இரண்டு ஷாக் அப்சார்பர்களின் தலை வெளியே எட்டிப் பார்த்தது. அவற்றுக்கு ரெக்ஸினில் உறை தைத்துத் தரச் சொன்னார் என் கணவர். "மழை பெஞ்சா இதுங்களுக்குத் தலை நனையும்ல" என்றார். நான் சீட் கவர் தைக்கிறவள். வலது உறையை முடித்தபோது கறுப்பு நூல் தீர்ந்துவிட்டது. இடதைச் சிவப்பு நூலில் தைத்தேன். "என்னடி இது, ஒரு காதுக்கு மட்டும் கம்மல் போட்டிருக்க" என்று சிரித்தார். நாளைக்குப் பிரித்துக் கறுப்பில் தைத்துவிடுகிறேன் என்றேன். மறுநாள் விடிந்ததும் அவர் மலைக்குப் போய்விட்டார். உயிரோடு திரும்பவில்லை.

ஊரில் அவருக்கு ஆமை என்று பட்டப்பெயர். மலை உச்சியில் டவர் கட்டுகிற ஆட்களுக்கு சாமான் ஏற்றிப் போவதுதான் அவர் தொழில். "ஆமை கிளம்பியாச்சா? அப்ப நாம சாப்பிட்டுட்டே கிளம்பலாம், பாதி வழியில பிடிச்சிடலாம்" என்று மற்ற டிரைவர்கள் கேலி செய்வார்கள். அவர் கோபப்பட்டதே இல்லை. "உங்களையெல்லாம் முன்னாடி அனுப்பிட்டு, எவன் எங்க கவுந்து கிடக்கான்னு பாத்துக்கிட்டே வர்றதுக்கு ஒரு ஆள் வேணாமா?" என்பார்.

மலைப்பாதை முழுக்கக் கல். அந்தப் பழைய வண்டியில் பின் ஷாக்குகள் அச்சுக்குக் கீழே தொங்கும். கல்லில் இடித்து இரண்டு தடவை ஒடிந்துவிட்டன. அவற்றை மேலே ஏற்றிவிடலாம் என்று சொன்னது என் அண்ணன். அண்ணன் வெல்டர், பொறி என்றால்தான் ஊரில் தெரியும். பின்தட்டை அறுத்து, குறுக்கே வளைந்த பைப் ஒன்றை வைத்துப் பற்றவைத்து, நீளமான ஷாக்குகளை அதில் மாட்டினான். இனி சக்கரம் முன்பைவிட நிறைய கீழே இறங்கும், பள்ளத்திலும் தரையை விடாது என்றான்.

சக்கரம் அதிகம் இறங்கினால் அதற்குப் பிரேக் ஆயில் கொண்டுபோகிற ரப்பர் குழாயான பிரேக் ஹோஸும் நீளமாக இருக்க வேண்டும். எட்டாமல் பிய்ந்தால் பிரேக் பிடிக்காது. நான் வெல்டரின் தங்கை, டிரைவரின் மனைவி. எனக்கே அது தெரியும். என் கணவருக்குத் தெரியாமலா இருக்கும்? நான் உறைகளை மாட்டிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்.

"மச்சான், ஜாக்கி வெச்சுத் தூக்கி, சக்கரத்தத் தொங்கவிட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தாச்சு பாத்தாச்சு. நீங்க டீ குடிக்கப் போனப்பவே பாத்தாச்சு. மாப்பிள்ளை, சாவிய எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க, அடுத்த வண்டி நிக்குது."

மலையிலிருந்து இறங்கும்போது, பாதையைக் குறுக்காக வெட்டிப்போகும் ஓடைப் பள்ளத்தைத் தாண்டியதும், வண்டி நிற்காமல் ஓடிப் பாறையில் மோதியது. முன்பக்கம் நசுங்கிவிட்டது. பின்பக்கம் ஒரு கீறல்கூட இல்லை. வண்டியை இழுத்து வந்தவன் அண்ணன். பின்சக்கரத்துப் பிரேக் ஹோஸ் பிய்ந்து கிடந்ததை அவன்தான் முதலில் பார்த்தான், அவன்தான் கழற்றி எறிந்தான். மோதிய வேகத்தில் பிய்ந்தது என்றான். எங்கள் வீட்டு வாசலில் நின்று, எல்லோரும் கேட்க, தலையில் அடித்துக்கொண்டு அழுதான். "என்னைக்கும் ஊர்ந்து போறவரு, அன்னைக்கின்னு பார்த்து என்ன அவசரமோ, அப்படி விரட்டியிருக்காரே!"

அந்த ஒரு வாக்கியம் ஊரெல்லாம் சுற்றியது. ஆமை வேகமாகப் போய்ச் செத்தது என்று டீக்கடையில் சிரித்தார்கள். கொழுந்தன் செத்துப்போன தன் அண்ணனையே திட்டினான். ஒருநாள் நான் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தபோது என் மகள் கேட்டாள்: "அப்பாவுக்கு அன்னைக்கு நம்மகிட்ட வர்றதுக்குத்தான் அவசரமாம்மா?" சீப்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனேன்.

அண்ணன் கடையில் நின்ற ஒரு வண்டியின் சீட்டை அளக்கப் போனபோதுதான் அதைப் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் ஆணியில், பிளாஸ்டிக் கவர் பிரிக்காமல், மஞ்சள் கோடு போட்ட நீளமான பிரேக் ஹோஸ் ஒன்று தொங்கியது. எங்கள் வண்டியின் நம்பரை அண்ணன் தன் கையாலேயே கவரில் மார்க்கர் பேனாவால் எழுதியிருந்தான்.

கத்தவில்லை. அதை எடுத்து அளவு டேப்போடு சேர்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். காட்டினால் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும். ஸ்பேருக்கு வாங்கினேன் என்பான், அம்மா மேல் சத்தியம் செய்வான், அம்மாவும் அவன் பக்கம் அழுவாள். வாயால் கெடுத்த பெயரை அவன் வாயாலேயே மீட்க வேண்டும். அதுவரை நான் அவனுக்கு நல்ல தங்கையாக இருந்தேன். சோறு போட்டேன். அவன் சட்டைக்குப் பட்டன் தைத்தேன். ஊசி குத்தும்போதெல்லாம் அவன் கழுத்தைப் பார்த்தேன்.

வண்டியை வேறு தெரு மெக்கானிக்கிடம் விட்டேன். பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு முன்பக்கம் வந்தது. மஞ்சள் கோட்டு ஹோஸையும் அவரே மாட்டினார். அதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றேன். கொழுந்தன் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தான். பிறகு அண்ணனிடம் போனேன்.

"வண்டிய வித்துடலாம்னு இருக்கேண்ணே. மலைக்குக் கூட வந்து, எப்படி ஓடுதுன்னு ஒருதடவை பாத்துச் சொல்லேன்."

வந்தான். கொழுந்தன் பின்தட்டில் ஏறி அந்த வளைந்த பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். மலைமேல் ஏறி, திரும்பி இறங்கத் தொடங்கியதும் நான் பேச்சைத் தொடங்கினேன்.

"பின்னாடி நீ செஞ்ச வேலையில ஒரு துரும்பக்கூட மாத்தக் கூடாதுன்னு மெக்கானிக்கிட்ட சொல்லிட்டேன். அந்த ஹோஸ்கூட, முன்ன இருந்த அதே நீளம்தான்."

கொஞ்ச தூரம் போனதும், அவன் தன் பக்கம் இல்லாத பிரேக்கைக் காலால் மிதிக்க ஆரம்பித்தான்.

"தங்கச்சி, போதும். வண்டி நல்லாத்தான் இருக்கு. திருப்பு."

"இந்தப் பாதையில எங்கண்ணே திருப்புறது?"

ஓடைப் பள்ளம் கண்ணுக்குத் தெரிந்தது. நான் வேகத்தைக் குறைக்கவில்லை.

"பள்ளத்துல விடாத!"

"ஏன்? தொங்கவிட்டுப் பாத்தேன்னு சொன்னியே."

"நிறுத்துடி! இடது சக்கரம் தொங்கினா ஹோஸ் எட்டாது! பிஞ்சிடும்! நிறுத்து!"

நிறுத்தினேன். பிரேக் கச்சிதமாகப் பிடித்தது. கொழுந்தன் குதித்து இறங்கி வந்து ஜன்னலில் கை வைத்தான்.

"எட்டாதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் மச்சான்?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"புது ஹோஸ் வாங்கித்தான் வெச்சிருந்தேன்" என்றான் கடைசியில். "அத மாத்தினா பிரேக்ல காத்து எடுக்கணும், அரை நாள் வேலை. வெளிய வேற வண்டி நின்னுச்சு. தொங்கவிட்டுப் பாக்கல. மாப்பிள்ளைதானே, மெதுவாத்தானே போவாரு, அவ்வளவு தூரம் எங்க தொங்கப்போகுதுன்னு..."

மெதுவாகப் போவார் என்ற தைரியத்தில் விட்டிருக்கிறான். செத்த பிறகு வேகமாகப் போனார் என்று சொல்லியிருக்கிறான்.

"இறங்கு. பின்னாடி போய்க் கீழ படுத்துப் பாரு" என்றேன்.

அவன் இறங்கினான். கொழுந்தன் அவன் தோளை அழுத்திப் படுக்கவைத்தான். நான் வண்டியை அங்குலம் அங்குலமாகப் பள்ளத்தில் இறக்கினேன். இடது பின்சக்கரம் அந்தரத்தில் தொங்கியது. கண்ணாடியில் அவன் கால்கள் மட்டும் தெரிந்தன. என் இடது கால் கிளட்சில் இருந்தது. ரிவர்ஸ் போட்டு அந்தக் காலை எடுத்தால் போதும். அதை நினைக்கவில்லை என்று எழுதினால் பொய். ஆனால் செத்தவனால் எதையும் திருப்பிச் சொல்ல முடியாது. அது எனக்கு நன்றாகவே தெரியும்.

"ஹோஸ் எட்டுதாண்ணே?"

ஹார்னை ஒருதடவை அழுத்தினேன்.

"எவ்வளவு மிச்சமிருக்குன்னு கேக்குறேன்!"

"நாலு விரல்" என்றது குரல். "மஞ்சள் கோடு... இது நான் வாங்கினது."

"ஆமா. நீ வாங்கினது."

அன்றைக்கே டிரைவர்கள் எல்லோரும் கூடியிருந்த இடத்தில், என் மகளை முன்னால் நிறுத்திவைத்து, அவன் எல்லாவற்றையும் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. மகள் என் புடவையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப அப்பா மெதுவாத்தான் வந்தாரா?" என்று மட்டும் கேட்டாள். "மெதுவாத்தான் வந்தாரு" என்று அவனே சொன்னான்.

அத்தோடு விட்டிருக்கலாம் என்கிறாள் அம்மா. நான் விடவில்லை. தையல் மெஷினை அவன் கடைக்கு எதிர்க்கடைக்கு மாற்றினேன். வண்டியை வாசலில் ஜாக்கி வைத்துத் தூக்கி, இடது பின்சக்கரத்தைத் தொங்கவிட்டு நிறுத்தியிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள், ஏன் இது இப்படி நிற்கிறது என்று. நான் சொல்ல மாட்டேன். "எதுத்தாப்புல வெல்டரக் கேளுங்க" என்பேன். அவன் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில், மாப்பிள்ளை மெதுவாகப் போவார் என்று விட்டதை மட்டும் விழுங்கிவிடுவான். நான் மெஷினை நிறுத்துவேன். சத்தம் நின்றதும் அதையும் சேர்த்துச் சொல்வான்.

இப்போது அவன் எந்த வண்டியையும் தொங்கவிட்டுப் பார்க்காமல் வெளியே விடுவதில்லையாம். அண்ணி வந்து சொன்னாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவரு சரியாச் சாப்பிடுறதுகூட இல்லம்மா. இன்னும் எத்தனை நாளைக்கு?" என்று கேட்டாள்.

"அந்த டயர் தேயுற வரைக்கும் அண்ணி."

"தொங்குற டயர் எப்படிம்மா தேயும்?"

நான் துணியை ஊசிக்குக் கீழே தள்ளினேன். அவள் போய்விட்டாள்.

வெயிலிலும் மழையிலும் அந்த உறைகளின் ரெக்ஸின் வெளுத்துவிட்டது. கடையில் கறுப்பு நூல் பெட்டி பெட்டியாக இருக்கிறது. இடது உறையின் தையல் இன்னும் சிவப்பு நூல்தான்.